உங்க நடை என்ன சொல்லுது? நிற்பது, நடப்பது பற்றி கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பாடம்

*வீட்டில் ஒருவரின் நடை மாறினால் எதைக் கவனிக்க வேண்டும், செல்போனை வைத்து எப்படிப் பரிசோதிக்கலாம், எந்த அரசுச் சேவையை அணுகலாம்? எளிய விளக்கம்.*

தெருமுனையில் யாரோ வருகிறார். விளக்கு வெளிச்சம் போதவில்லை, முகமும் தெரியவில்லை. ஆனாலும் "அது நம்ம சித்தப்பாதான்" என்று திண்ணையில் இருப்பவர் சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது? நடையை வைத்துத்தான். முகத்தைப் போலவே நடையும் ஆளுக்கு ஆள் வேறு.

தினமும் பார்க்கிற அந்த நடையில் மாற்றம் வந்தால் மட்டும், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். பக்கவாதம், சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு, மூட்டுத் தேய்மானம், பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் போன்றவை பல நேரங்களில் நடையில்தான் முதலில் எட்டிப் பார்க்கின்றன. சரியான நேரத்தில் கவனித்தால் ஒரு காலை, சில சமயம் ஓர் உயிரையே காப்பாற்றலாம். அதற்கு நீங்கள் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. கவனிக்கத் தெரிந்தால் போதும்.

ஓர் எட்டு வைக்கும்போது என்ன நடக்கிறது?

முதலில் அடிப்படை. ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு 'நடைச் சுற்று'. அதில் ஏறக்குறைய 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றி நிற்கிறது. மீதி 40 சதவீதம் காற்றில் வீசி முன்னே போகிறது. சாதாரண வேகத்தில் நடக்கும்போது, சுற்றில் சுமார் 20 சதவீத நேரம் இரண்டு கால்களும் தரையில் இருக்கும். ஓடும்போது அப்படி ஒரு நேரமே கிடையாது. நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தால் இந்த இரட்டை ஊன்றல் நேரம் கூடிவிடும். எட்டு குறுகும், கால்கள் அகலும், வேகம் குறையும். வழுக்கும் தரையில் நீங்களே அப்படித்தான் நடப்பீர்கள். பெரியவர் ஒருவர் நல்ல தரையிலும் அப்படி நடந்தால், அவர் உடம்பு அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு விஷயம். வீசிச் செல்லும் காலின் விரல் நுனி தரையிலிருந்து சுமார் 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரத்தில்தான் போகிறது. அவ்வளவுதான் இடைவெளி! அதனால்தான் மடங்கிய மிதியடியும், பாதி பெயர்ந்த தரை ஓடும், கதவு நிலைப்படியும் பெரியவர்களை விழ வைக்கின்றன.

ஆரோக்கியமான ஒருவரின் இயல்பான வேகம் நொடிக்குச் சுமார் 1.2 முதல் 1.4 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 12 முதல் 14 நிமிடம். கடைக்குப் போய்வர முன்பு பத்து நிமிடம் எடுத்தவர் இப்போது இருபது நிமிடம் எடுக்கிறார் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

வேலை நடையை மாற்றும்

தேனி மாவட்டத்தில் சமவெளியும் மலையும் அடுத்தடுத்து இருப்பதால், வேலை எப்படி உடம்பை வளைக்கிறது என்பதை இங்கே நன்றாகப் பார்க்கலாம்.

*நடவு வயல்:* 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் பூமி ஆனது. இன்றும் 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. நடவு செய்யும் பெண்கள் இடுப்பை வளைத்து, சேற்றில் பின்பக்கமாகவே நகர்கிறார்கள். சேறு ஒவ்வொரு காலையும் பிடித்து இழுக்கும். கரை ஏறியதும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, முதல் பத்து எட்டு மெதுவாக வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பத்து எட்டு ஐம்பது எட்டு ஆனாலோ, கால் மரத்துப் போனாலோ இடுப்பு எலும்பையும் நரம்பையும் பரிசோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

*ஏலத்தோட்டம்:* கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி, மெட்டுச் சாலைகள் வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். ஏலக்காய்ச் சரம் செடியின் அடியிலிருந்து வருவதால் குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும், அதுவும் சரிவில். சரிவில் ஏறும்போது உடம்பு முன்னே சாய்ந்து, கெண்டைக்காலும் பின்தொடையும் வேலை செய்யும். இறங்கும்போது முன்தொடைத் தசை 'பிரேக்' போடும். அதனால்தான் ஏறிய நாளைவிட இறங்கிய மறுநாள் தொடை அதிகம் வலிக்கிறது. இறக்கத்தில் முழங்கால் மூட்டும் கூடுதலாகச் சுமக்கிறது. படி இறங்கும்போது அந்த மூட்டில் விழும் பளு உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

*திராட்சைப் பந்தல்:* 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கவாத்து செய்வதும் குலை வெட்டுவதும் தலைக்கு மேலே நடக்கிற வேலை. மணிக்கணக்கில் கழுத்தைப் பின்னால் சாய்த்து, கையை உயர்த்தி நிற்க வேண்டும். கழுத்துத் தண்டுவடம் அழுத்தப்பட்டால் கையில் மட்டும் மரப்பு வராது. கால் விறைத்து, நடையும் தடுமாறும். "கழுத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டு விட்டுவிடாதீர்கள்.

*தலைச்சுமை:* கீழே உருட்டினால் உருளும் குடத்தை, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினால் கை படாமலே கொண்டுபோகிற அம்மாக்கள் நம் ஊரில் உண்டு. கென்யாவில் தலைச்சுமை தூக்கிப் பழகிய பெண்களைப் பற்றிய ஆய்வு 1986-ல் நேச்சர் இதழில் வெளிவந்தது. உடல் எடையில் சுமார் 20 சதவீதம் வரையிலான சுமையை அவர்கள் கூடுதல் சக்தி செலவில்லாமல் தூக்கி நடந்தார்கள். சுமை ஏறியதும் அவர்களின் நடை ஊசல் போல இன்னும் சீராக ஆடியது என்பது பிந்தைய ஆய்வில் தெரிந்தது. பழக்கம் நடையை எவ்வளவு நுட்பமாக மாற்றுகிறது பாருங்கள். ஆனால் இது சக்திக் கணக்கு மட்டும்தான். கழுத்து எலும்பு படும் பாடு இந்தக் கணக்கில் வராது. இடுப்பில் குடம் வைத்தால் உடம்பு எதிர்ப் பக்கம் சாயும். அப்படித் தூக்குபவர்கள் பக்கத்தை மாற்றி மாற்றி வைப்பது நல்லது.

நிற்பதும் ஒரு வேலைதான்

"சும்மாதானே நிக்கிறே?" என்று கேட்பார்கள். ஆனால் நிற்பது சும்மா இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால்தான் அதை 'இரண்டாவது இதயம்' என்கிறார்கள். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீக்கம், கணுக்கால் கனம், 'நரம்புச் சுருட்டல்' என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயின் எல்லாம் இப்படித்தான் மோசமாகின்றன.

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடையில் வேலை பார்ப்பவர்கள் காலையிலிருந்து இரவு வரை நிற்பது நம் மாநிலத்தில் நீண்ட காலம் இயல்பாகவே பார்க்கப்பட்டது. 2018-ல் கேரளம் சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அதன் சாரம்: ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும்.

ஆகவே, கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர் உட்கார்ந்திருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, சட்டம் தந்த உரிமை. நீங்கள் கடை வைத்திருப்பவர் என்றால் நாற்காலியை வாங்கி மூலையில் போட்டால் மட்டும் போதாது, உட்காரவும் விடுங்கள். நீங்கள் வாடிக்கையாளர் என்றால், நீங்கள் உள்ளே வரும்போது ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இருக்கை வசதியே இல்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் தரலாம். முதலமைச்சரின் உதவி மையம் 1100 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

நின்றுதான் ஆக வேண்டிய வேலை என்றால் சில எளிய வழிகள்:

- ஒரே காலில் பாரத்தைப் போட்டு நிற்காமல், ஒரு சின்னக் கட்டை மேல் கால்களை மாற்றி மாற்றி வையுங்கள்.
- அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலை 15, 20 முறை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் பம்பு ஓடும்.
- வெறும் கல் தரையில் நிற்காமல் ரப்பர் விரிப்பில் நில்லுங்கள்.
- வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம் கால்களை உயர்த்தி வைத்துப் படுங்கள்.

வலி தெரியாத கால்தான் ஆபத்தான கால்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். தொழுநோயால் விரல்களும் பாதங்களும் தானாக அழுகி விழுகின்றன என்று அன்று பலரும் நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்தபோது தெரிந்த உண்மை வேறு. நரம்பு செத்துப்போனதால் அவர்களுக்கு வலி தெரியவில்லை. வலி தெரியாததால் முள் குத்தினாலும், சூடு பட்டாலும், புண்ணானாலும் அதே இடத்தை மறுபடி மறுபடி ஊன்றி நடந்தார்கள். பாதத்தை அழித்தது அந்த நடைதான்.

நமக்கு ஒரு கொப்புளம் வந்தால் என்ன செய்வோம்? தெரியாமலே காலைத் தாங்கித் தாங்கி நடப்போம். அந்தத் தாங்கல்தான் புண்ணை ஆற விடுகிறது. வலி இல்லாதவர் தாங்குவதில்லை, நேராகவே நடப்பார். பார்க்க நல்ல நடையாக இருக்கும். உள்ளே பாதம் சிதைந்துகொண்டிருக்கும். இந்தப் புரிதலில் இருந்துதான் அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் பரவலாயின.

இன்று அதே பாடம் சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தும். பல ஆண்டு சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலை" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதைச் சிரித்துக் கடக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொடுவது தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். தமிழ்நாடு அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இப்படிப்பட்ட பாதங்களை முன்கூட்டியே கண்டறிந்து, கால் இழப்பைத் தடுக்க வந்ததுதான்.

நம் பகுதிக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைப் பயணம். தை மாதம் பழனிப் பாதயாத்திரை. செருப்பில்லாமல் நடப்பது நம் வேண்டுதலின் ஒரு பகுதி. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் விரதம் தொடங்கும் முன்பே பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைவு என்று மருத்துவர் சொன்னால் வெறுங்காலில் நடப்பதைத் தவிருங்கள். நடக்கிற நாட்களில் இரவுதோறும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதா? செல்போன் கேமராவைக் காலுக்கு அடியில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், அது போதும்.

நம்ம பேச்சிலேயே நோயறிதல் இருக்கு

நடைக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! அவற்றில் பல, மருத்துவர் கேட்கும் தகவலையே சொல்லிவிடுகின்றன.

*தாங்கித் தாங்கி நடக்கிறார்:* வலிக்கும் காலில் குறைந்த நேரமே ஊன்றுகிறார். மூட்டு, குதிகால், பாதம் மூன்றில் எங்கே வலி என்று பாருங்கள்.

*சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்:* ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு ஒரு பக்கம் சரிந்தால், இடுப்பைத் தாங்கும் தசை பலவீனமாக இருக்கலாம். இந்த அறிகுறியை ஜெர்மனி மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895-ல் விளக்கினார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

*காலை இழுத்து இழுத்து நடக்கிறார்:* ஒரு பக்கக் கால் விறைத்து வட்டமடித்து வருகிறது, அதே பக்கக் கை மடங்கியிருக்கிறது என்றால் பக்கவாதத்தின் சுவடு. திடீரென்று இன்றுதான் அப்படி என்றால் அது அவசரம்.

*பாதம் தொங்குது, 'டப் டப்'புனு சத்தம் கேட்குது:* பாதத்தைத் தூக்கும் நரம்பு பாதிப்பு. முழங்காலை உயரத் தூக்கி வைத்து நடப்பார்கள். தொழுநோய், முழங்காலுக்கு வெளிப்பக்கம் அடிபடுதல், இடுப்புத் தண்டு விலகல் எனக் காரணங்கள் பல.

*பொடி எட்டா வைக்கிறார்:* எட்டு சிறிதாகி, முன்னே குனிந்து, ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? திரும்பும்போது பல எட்டு வைக்கிறாரா? கதவு நிலையில் கால் 'ஒட்டிக்' கொள்கிறதா? இவை பார்க்கின்சன் நோயின் சாயல். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது சொன்ன ஆறு பேரில் சிலரை அவர் தெருவில்தான் கவனித்தார். நடையே அவருக்குத் தடயம்.

*கொஞ்ச தூரம் நடந்தா நின்னுடுறார்:* இங்கே ஒரு கேள்வி கேளுங்கள். "சும்மா நின்னாலே வலி போகுதா, உட்கார்ந்தாத்தான் போகுதா?" நின்றாலே போகிறது என்றால், அதுவும் பீடி, சிகரெட் பழக்கமோ சர்க்கரையோ இருந்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோதான் போகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கமாக இருக்கலாம். இந்த ஒரு பதில் மருத்துவருக்குப் பாதி வழி காட்டிவிடும்.

இவை எல்லாம் அடையாளங்கள்தான், தீர்ப்பு அல்ல. நோயை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

*1. எழுந்து நடந்து உட்காரும் சோதனை.* ஒரு நாற்காலி போடுங்கள். அதிலிருந்து 3 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். பெரியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். சோதனையின்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

*2. பேச்சுச் சோதனை.* அவரோடு சேர்ந்து நடந்துகொண்டே சாதாரணமாக ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல நடையை நிறுத்துகிறாரா? அப்படி நிறுத்துகிற முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-ல் சுவீடன் ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். அவருக்கு நடப்பதே முழுக் கவனம் கேட்கும் வேலையாகிவிட்டது என்று அதற்குப் பொருள். இளைஞர்களும் சிரிக்க வேண்டாம்! செல்போன் பார்த்துக்கொண்டே நடக்கும்போது நம் எட்டும் குறுகுகிறது, வேகமும் குறைகிறது, நேர்கோடும் கோணுகிறது.

*3. செருப்புச் சோதனை.* பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது இயல்பு. ஒரு செருப்பு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலோ, உள்பக்கம் முழுக்கத் தேய்ந்திருந்தாலோ, முன்நுனி உரசி உரசிக் கிழிந்திருந்தாலோ அந்தச் செருப்பையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

*வீடியோ எடுப்பது எப்படி?* மருத்துவர் முன்னால் எல்லோரும் கொஞ்சம் நன்றாகவே நடந்துவிடுவார்கள். அதனால் வீட்டு நடை வீடியோ உதவும். போனை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடித்து, முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று கோணத்தில், பத்துப் பத்து எட்டு எடுங்கள். பாதம் தெரிய வேண்டும். வேட்டி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொல்லுங்கள். 'ஸ்லோ மோஷன்' இருந்தால் பக்கவாட்டுக் காட்சியை அதில் எடுங்கள். எடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். எடுத்த வீடியோ மருத்துவருக்கு மட்டும்தான், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல.

கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கணும்?

பெரும்பாலானோர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அது தவறு. வலது முழங்கால் வலித்தால் தடி *இடது* கையில் இருக்க வேண்டும். வலது கால் முன்னே போகும்போது இடது கைத் தடியும் சேர்ந்து போகும். நடக்கும்போது கை எதிர்க் காலோடு சேர்ந்து வீசுவது இயற்கை. தடியும் அதே தாளத்தில் பளுவைப் பகிர்ந்துகொள்கிறது.

உயரம்: செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். நுனியில் ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். படியில் *ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.* இந்த ஒரு வரியைப் படிக்கட்டுப் பக்கத்தில் எழுதி ஒட்டலாம்.

குழந்தைகளின் நடை

தத்தித் தத்தி நடக்கும் குழந்தை கால்களை அகட்டி, கையைத் தூக்கி நடப்பது இயல்பு. இரண்டு வயது வரை கால் வில் போல வளைந்திருப்பதும், பிறகு மூன்று முதல் ஐந்து வயதில் முட்டிகள் உரசுவதும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் 18 மாதமாகியும் நடக்கவில்லை, மூன்று வயதுக்குப் பிறகும் நுனிவிரலிலேயே நடக்கிறது, ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது, நன்றாக நடந்த பிள்ளை திடீரென நொண்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இளம்பிள்ளை வாதத்தால் காலிப்பர் போட்டு நடப்பவர்களை நாம் அறிவோம். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறையின் நடையைச் சொட்டு மருந்து மாற்றிக் காட்டியிருக்கிறது.

எங்கே போகணும்? எதைக் கேட்கணும்?

- *திடீர் மாற்றம் என்றால் 108.* ஒரு பக்கம் கால் இழுப்பது, தள்ளாட்டம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் வந்தால் "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துச் சொல்லுங்கள்.
- *மெதுவாக வந்த மாற்றம் என்றால்* முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து அரசு மருத்துவமனைகளுக்கோ, பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். சந்தேகம் கேட்க 104.
- *மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு* 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு நடைப் பயிற்சி தேவைப்படுவோர், ஊரில் உள்ள சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள்.
- *ஊன்றுகோல், காலிப்பர், செயற்கைக் கால், சக்கர நாற்காலி* வேண்டுவோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கை கால் இயக்கக் குறைபாட்டோடு, தொழுநோயிலிருந்து குணமானவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளும் அதில் உண்டு. யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.
- *நல்ல நடை உள்ளவர்களுக்கு* 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*தினமும் 10,000 எட்டு நடந்தே ஆகணுமா?*
அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் எட்டு எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. மருத்துவ எல்லைக்கோடு அல்ல. இப்போது நடப்பதைவிட ஆயிரம் எட்டு கூட நடந்தாலும் லாபம்தான்.

*முட்டி வலிக்குது. நடக்கவே கூடாதா?*
பெரும்பாலானோருக்கு முழு ஓய்வு தசையைத்தான் பலவீனமாக்கும். சமதரையில், தாங்கும் அளவுக்கு, தொடைத் தசைப் பயிற்சியோடு நடப்பது நல்லது. வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

*காலையில எழுந்ததும் தலை சுத்தித் தள்ளாடுது. என்ன செய்ய?*
படுக்கையிலிருந்து நேராக எழுந்து நிற்காதீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டி, பிறகு எழுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் 3 மீட்டர் சோதனை செய்து, தேதியோடு நொடியைக் குறித்து வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களின் உள்ளங்காலைப் பாருங்கள். மடங்கிய மிதியடியை எடுத்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஓர் இரவு விளக்கு போடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, முதலில் எழுதிய நொடியோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படுங்கள்.